இடது இறக்கை ஒரு கட்டைவிரல் குறைவு

கை உடைந்திருக்காவிட்டால் நான் விமானம் செய்திருக்க மாட்டேன். ஒரு ஜூன் மாத மழையில், தேயிலை ஃபாக்டரி ஆபீஸின் பின்படியில் பாசி வழுக்கி விழுந்தேன். இருபத்திரண்டு வருஷமாக அந்தப் படியில் இறங்கி ஏறுகிறவள் நான். புதிதாக வேலைக்கு வருகிற எல்லோரிடமும் "பாத்து, அங்க வழுக்கும்" என்று சொல்வதும் நான்தான். அன்றைக்கும் பின்னால் வந்த, தேயிலைத் தயாரிப்பைக் கவனிக்கிற டீ மேக்கரிடம் அதைச் சொல்லிக்கொண்டேதான் விழுந்தேன். அவர் பத்திரமாக இறங்கி வந்து என்னைத் தூக்கிவிட்டார்.

வலது மணிக்கட்டு. அடிமாலியில் கட்டுப் போட்டார்கள். ஆறு வாரம் கழித்துப் பிரித்தபோது உள்ளே இருந்த கை யாரோ ஒருவருடையது மாதிரி வெளுத்து மெலிந்திருந்தது. விரல்கள் மடங்க மனமில்லாமல் இருந்தன. பிசியோதெரபி செய்த பெண் நல்லவள். "சேச்சி, விரலுக்கு நுணுக்கமா வேலை கொடுக்கணும். பூ கட்டுங்க, மணி கோத்துப் பாருங்க, பயறு பொறுக்குங்க. தினமும் ரெண்டு மணி நேரம்" என்றாள்.

பூ கட்ட வரவில்லை. மணி கோக்க ஊசிக் கண் தெரியவில்லை. பயறு பொறுக்கினேன். ரெண்டே நாளில் எங்கள் வீட்டுப் பயறில் கல் தீர்ந்துவிட்டது. மூன்றாம் நாள் நான் வெறும் பயறைத் தள்ளிக்கொண்டிருந்ததைப் பார்த்து என் கணவர், "கல்லு வேணும்னா நான் பொறுக்கிட்டு வந்து போடட்டுமா அம்மிணி?" என்று கேட்டார். உண்மையான அக்கறையோடுதான் கேட்டார்.

அவர் பாலக்காட்டுக் கணவாய்ப் பக்கம் வடகரப்பதிக்காரர். அங்கே தென்னையும் தக்காளியும் வைத்திருக்கிற குடும்பம். மின்சார வாரியத்தில் லைன்மேனாகச் சேர்ந்து, மாற்றலில் மலையேறி, இப்போது ஓவர்சியர். நான் இந்த மூணாறு மலையிலேயே பிறந்தவள். தாத்தா காலத்தில் திருநெல்வேலிப் பக்கமிருந்து கொழுந்து கிள்ள வந்த வம்சம். இருபத்தைந்து வருஷமாக அவர் 'ஊடு' என்கிறார், நான் 'வீடு' என்கிறேன். சித்திரபுரத்தில் வாரியம் கொடுத்த குவார்ட்டர்ஸ் என்பதால் அது ரெண்டு பேருடையதும் இல்லை.

பயறு தீர்ந்த கதையைக் கோயம்புத்தூரில் படிக்கிற மகளிடம் போனில் சொன்னேன். அவள் அன்றைக்கே எனக்கு நாலு ஃபைல் அனுப்பினாள். எல்லாம் காகித மாடல்கள். "பிரிண்ட் எடும்மா. கோட்டோட வெட்டு, மடி, ஒட்டு. அவ்வளவுதான். சின்னப் பிள்ளைங்ககூட செய்யும்" என்றாள். ஒரு கோட்டை, ஒரு காற்றாலை, ஒரு நாய், ஒரு விமானம். நான் பக்கங்களை எண்ணிப் பார்த்தேன். விமானத்துக்குத்தான் குறைவு, பதினொரு பக்கம். நாய்க்குப் பதினெட்டு. விமானத்தைவிட நாய் சிக்கலான விஷயம் என்று எனக்கு அதுவரை தெரியாது.

அது நூறு வருஷத்துக்கு முந்தைய மாதிரி விமானம். மேலும் கீழுமாக ரெண்டு அடுக்கு இறக்கை, நடுவே தூண்கள், தூண்களுக்கிடையே பெருக்கல் குறி போட்டதுபோல் கம்பிகள். ஒருவர் பின் ஒருவராக ரெண்டு பேர் தலை வெளியே தெரிய உட்கார்ந்துகொள்ளத் திறந்த குழிகள். மூடிய விமானத்திலேயே ஏறியிராத எனக்கு, அதில் உட்கார்ந்து போனவர்கள் மேல் மரியாதையும் கொஞ்சம் சந்தேகமும் வந்தது. செய்முறை விளக்கம், எழுத்துகளுக்கு மேலே புள்ளியும் கொக்கியும் போட்ட ஏதோ ஒரு மொழியில் இருந்தது. படங்கள் மட்டும் புரிந்தன.

முதலில் இருந்த அளவிலேயே பிரிண்ட் எடுத்தேன். முடித்தால் ஒரு சாணுக்குச் சற்றுக் கூடுதலாக வரும். ஆனால் உள்ளே உட்கார்கிற இருக்கையின் துண்டு அவரைக்கொட்டை அளவு. சக்கரத்தைத் தாங்குகிற முட்டு அதைவிடச் சின்னது. என் விரலுக்கு அதைப் பிடிக்கத் தெரியவில்லை, கண்ணுக்கு வெட்டுக்கோடு தெரியவில்லை. மூன்று நாளில் நான் செய்து முடித்தது ஒரு சக்கரம். அதையும் பெருக்கும்போது குப்பையோடு கூட்டித் தள்ளிவிட்டேன்.

அப்போதுதான் எல்லாவற்றையும் நாலு மடங்கு பெரிதாக்கிவிடலாம் என்று தோன்றியது. பின்னால் இதைப் பெரிய துணிச்சல் என்று பேசினார்கள். கண் தெரியாததுதான் காரணம். பெரிதாக இருந்தால் எளிதாக இருக்கும் என்று நம்பினேன். காகிதத்தைப் பற்றி எனக்கு ஒன்றுமே தெரியாது என்பதற்கு அதைவிட நல்ல அத்தாட்சி வேண்டாம்.

ஆனச்சாலில் ஒரு போட்டோஸ்டாட் கடை. கடைக்காரர் பொறுமைசாலி. ஒவ்வொரு பக்கத்தையும் எட்டுப் பெரிய தாளாகப் பிரித்து எடுக்க வேண்டியிருந்தது. நடுவில் ஒருமுறை நிமிர்ந்து, "வீட்டு பிளானா சேச்சி?" என்றார்.

"இல்ல, விமானம்."

அதற்குமேல் அவர் கேட்கவில்லை. எஸ்டேட் ஆபீஸிலிருந்து வருகிறவர்கள் இதைவிட விசித்திரமானவற்றையெல்லாம் நகல் எடுத்திருப்பார்கள் போலும்.

தாள்களைக் கூடத்துத் தரையில் பரப்பிப் பின்பக்கம் ஒட்டிச் சேர்க்க ஒரு வாரம் ஆனது. அந்த ஒரு வாரமும் என் கணவர் சுவரோரமாகவே நடந்தார். ஒருமுறை தவறி வாலை மிதித்துவிட்டு, மனிதரிடம் கேட்பதுபோல் குனிந்து மன்னிப்புக் கேட்டார்.

துண்டுகளை சார்ட் அட்டையில் ஒட்டி, வெட்டி, முதல் இறக்கையை முடித்துத் தூக்கினேன். ரெண்டு முனையும் வாடிய வாழையிலை மாதிரி தொங்கின. படத்தை நாலு மடங்கு பெரிதாக்கலாம், காகிதத்தின் விறைப்பு அதோடு சேர்ந்து பெரிதாகாது என்று அன்றைக்குத்தான் புரிந்தது. கணவர் வாசலில் நின்று பார்த்தார். இந்த மலை முழுக்கக் கம்பத்துக்குக் கம்பம் ஒயர் எவ்வளவு தொய்யலாம், எவ்வளவு தொய்யக் கூடாது என்று பார்ப்பதுதான் அவர் உத்தியோகம். "தொய்வு ஜாஸ்தியா இருக்குது அம்மிணி" என்றார். "நடுவுல ஒரு போஸ்ட் போடோணும்."

நான் அவரோடு அரை நாள் பேசவில்லை. ஆனால் அவர் சொன்னது சரி. இறக்கைக்கு உள்ளே எலும்பு வேண்டும். ஃபாக்டரியில் கழித்துப்போட்ட தேயிலைப் பெட்டி அட்டையில் விலா எலும்புகள் வெட்டினேன். பழைய மலையாளப் பத்திரிகைகளை ஒரு குடைக்கம்பியின் மேல் இறுக்கமாகச் சுருட்டிப் பசை தடவி, கம்பியை உருவினால் நீளக் குழல் கிடைத்தது. அதை விலாக்களின் ஓட்டை வழியே கோத்தால் இறக்கை நின்றது. முன்பக்கக் குழலில் ஒரு மந்திரியின் ராஜினாமா, பின்பக்கத்தில் ஏலக்காய் விலை. நாலு இறக்கைக்கும் சேர்த்து எங்கள் வீட்டில் ஒரு வருஷத்துப் பத்திரிகை தீர்ந்தது.

அடுத்தது ஈரம். எங்கள் பக்கத்து மழைக்காலத்தில் உப்பு தண்ணீராகும், தீப்பெட்டி உதவாது, பீரோவில் தோல் பெல்ட்டுக்குப் பூஞ்சை முளைக்கும். காகிதம் எம்மாத்திரம்? காலையில் நேராக இருந்த உடல்பகுதி சாயங்காலம் சுரைக்காய் மாதிரி வயிறு பெருத்து நிற்கும். மலையில் எல்லோரும் துணி அலமாரிக்குள் ஒரு மஞ்சள் பல்பை எரியவிட்டுத் துணியைக் காயவைப்போம். அந்த அலமாரியில் விமானத்தை வைத்தேன். துணி வெளியே வந்தது. என் கணவர் அந்த ஆவணி முழுக்க ஈரச் சட்டையோடு வேலைக்குப் போனார். கேட்டவர்களிடம் மழை என்று மட்டும் சொன்னார். அது பொய்யில்லை.

அவர் செய்த ஒரு வேலை உண்டு, அதை நான் மறைக்கக் கூடாது. இறக்கைகளுக்கு நடுவே கட்டுகிற கம்பிகள். நான் தூண்டில் நரம்பு வாங்கி வைத்திருந்தேன். என் விரலுக்கு முடிச்சு இறுகவில்லை. அவர் எட்டிப் பார்த்தார், பொறுக்க முடியாமல் உட்கார்ந்துவிட்டார்.

"ஒண்ண மட்டும் இழுத்தீன்னா மத்தது தளந்துரும். எதிரெதிரா ரெண்டையும் ஒண்ணா இழுக்கோணும்" என்றார். ரெண்டு ஞாயிற்றுக்கிழமை, மூச்சைப் பிடித்துக்கொண்டு கட்டினார். ஒவ்வொன்றையும் விரலால் சுண்டி, சத்தம் கேட்டு, தலையாட்டினார். கட்டி முடித்ததும் அதுவரை அட்டையாக இருந்தது ஒரே உடம்பாக நின்றது. நாங்கள் ரெண்டு பேரும் அதைச் சுற்றி வந்து பார்த்தோம். அந்த ஞாயிற்றுக்கிழமை எனக்கு அவரை ரொம்பப் பிடித்திருந்தது. அதனால்தான் பின்னால் நடந்தது கொஞ்சம் உறைத்தது.

எல்லாம் நின்ற பிறகுதான் ஸ்கேல் வைத்து அளந்தேன். இடது பக்க இறக்கைகள் ரெண்டுமே வலதைவிட ஒரு கட்டைவிரல் அகலத்துக்கு நீளம் குறைவு. வெட்டினதில் பிழையா என்று நாளெல்லாம் தேடினேன். கடைசியில் தாள்களை எடுத்துக்கொண்டு ஆனச்சாலுக்கே போனேன். கடைக்காரர் மெஷினைத் தட்டிப் பார்த்துவிட்டு உதட்டைக் கடித்தார். சில பக்கங்களில், தாளுக்குள் அடங்கும்படி அதுவாகவே சுருக்கிக்கொள்ளட்டும் என்கிற கட்டம் டிக் ஆகியிருந்திருக்கிறது. இடது இறக்கை இருந்த பக்கம் அதில் மாட்டிக்கொண்டது.

"மாத்தி எடுத்துத் தரட்டா சேச்சி?"

நாலு மாச வேலை வீட்டில் முழுதாக நின்றுகொண்டிருந்தது. இதை யார் அளந்து பார்க்கப்போகிறார்கள் என்று வந்துவிட்டேன்.

ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். முதலில் பக்கத்துக் குவார்ட்டர்ஸ், பிறகு அவருடைய செக்சன் ஆபீஸ். வருகிறவர்கள் வாசலிலேயே நின்று, ரெண்டு கைக்கும் அடங்காத அந்த இறக்கையைப் பார்த்து வாய் பிளப்பார்கள். "பறக்குமா?" என்பார்கள். பறக்காது என்றதும் ஒரு நிமிஷம் எங்களுக்காக வருத்தப்படுவார்கள். பிறகு என் கணவர் பக்கம் திரும்பி, "சாரே, சம்மதிச்சு!" என்று பாராட்டிக் கையைப் பிடித்துக் குலுக்குவார்கள். என் பக்கம் திரும்புவது டீ எடுத்துக்கொள்வதற்கு.

அவர் மறுக்காமல் இல்லை. "நானில்லீங்க, ஊட்டுல செஞ்சது" என்றுதான் சொன்னார். அவர் ஊரில் அதற்கு மனைவி செய்தது என்று அர்த்தம். வந்தவர்களோ மலையாளிகள். வீட்டில் வைத்தே செய்தது, பட்டறைக்கெல்லாம் போகவில்லை என்று எடுத்துக்கொண்டு இன்னும் பலமாகக் குலுக்கினார்கள். முதல் சில நாள் அவர் தடுமாறினார். பிறகு 'நானில்லீங்க' உதிர்ந்து 'ஊட்டுல செஞ்சதுங்க' மட்டும் நின்றது. அதன் பிறகு அதுவும் ஒரு சிரிப்பாகச் சுருங்கியது.

தை மாதம் குவார்ட்டர்ஸ் கிளப்பின் ஆண்டு விழா. நோட்டீஸ் வீட்டுக்கு வந்தது. நடனம், பாட்டு, லெமன் ஸ்பூன், அதற்குக் கீழே தடித்த எழுத்தில் 'நம்முடைய ஓவர்சியர் சொந்தக் கையால் நிர்மித்த பழங்கால விமானம், கண்காட்சியும் விளக்கமும்.' மலையாளம் எனக்குத் தமிழைப்போலவே வாசிக்க வரும். அவர் அதை மறந்துவிட்டிருக்க வேண்டும், நோட்டீஸை மேஜைமேல் விரித்தே வைத்திருந்தார்.

"அவிங்களே போட்டுட்டாங்க அம்மிணி" என்றார். "நான் சொல்றதுக்குள்ள அச்சாயிருச்சு."

"திருத்தச் சொல்லலாமே."

"எல்லா ஊட்டுக்கும் குடுத்துட்டாங்க."

"சரி" என்றேன்.

அந்தச் 'சரி'யை அவர் அப்படியே நம்பினார். விழாவுக்கு முந்தைய நாலு நாளும் நான் சமைக்கும்போது அடுப்படிக்கு வந்து, இது என்ன, அது எதற்கு, வாலில் இருக்கிற மடிப்பு என்ன செய்யும் என்று கேட்டுக் கேட்டு மனப்பாடம் செய்தார். எல்லாவற்றுக்கும் ஒழுங்காகப் பதில் சொன்னேன். இறக்கையின் அளவு விஷயத்தை அவர் கேட்கவில்லை. கேட்காததை நான் சொல்லவில்லை.

விழாவில் விமானத்தை மேடையில் நாலு நாற்காலி சேர்த்து வைத்திருந்தார்கள். அவர் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் பக்கத்தில் நின்றார். நான் பெண்கள் வரிசையில் மூன்றாவதாக உட்கார்ந்திருந்தேன். ஆரம்பம் நன்றாகத்தான் இருந்தது. விலா எலும்பு, குழல், கம்பி எல்லாம் சொன்னார். கம்பியைப் பற்றிச் சொல்லும்போது மட்டும் அவர் குரல் தன் சொந்தக் குரலாக ஆனது.

சிறப்பு விருந்தினராக ஒரு பெரியவர் வந்திருந்தார். விமானப்படையில் மெக்கானிக்காக இருந்து ஓய்வுபெற்று, ஆனச்சாலைத் தாண்டிப் போகிற வழியில் ஒரு ஹோம்ஸ்டே நடத்துகிறவர். மலையாளிதான் என்றாலும், வடக்கே தமிழர்களோடு வேலை பார்த்துப் பழகிய தமிழ் அவருக்கு இருந்தது. அவர் எழுந்து வந்து விமானத்தைச் சுற்றி நடந்தார். குனிந்தார். ஒரு கண்ணை மூடிக்கொண்டு மூக்கிலிருந்து வால்வரை பார்த்தார். பிறகு கேட்டார்:

"சார், இடது இறக்கை நீளம் குறைவா இருக்கே? என்ன காரணம்?"

என் கணவர் விமானத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் மேலே சுற்றுகிற மின்விசிறியைப் பார்த்தேன்.

"அதுங்களா..." என்றார். மைக் அவர் மூச்சையும் சேர்த்துக் கூடம் முழுக்கக் கேட்கவைத்தது. "அது... திரும்பறதுக்கு வசதிங்க."

ஆயிரம்தான் இருந்தாலும் அவர் என் வீட்டுக்காரர். எழுந்து உண்மையைச் சொல்லிவிடலாம் என்று முந்தானையைச் சரிசெய்துகொண்டேன். அதற்குள் அந்தப் பெரியவர் கண்ணை மூடி, ஆள்காட்டி விரலைக் காற்றில் இடப்பக்கமாகச் சுற்றினார், வலப்பக்கமாகச் சுற்றினார். திடீரென்று முகம் மலர்ந்து மைக்கை வாங்கிக்கொண்டார்.

"இதுதான் விஷயம்! இந்த எஞ்சின் காத்தாடிய இடப்பக்கமா சுத்தும். அப்போ விமானம் வலப்பக்கம் சாயப் பார்க்கும். வலது இறக்கை கொஞ்சம் நீளமா இருந்தா அது தூக்கிப் பிடிக்கும், சாயாது. பழைய விமானங்கள்ல சிலதுல நிஜமாவே இப்படிச் செஞ்சிருக்காங்க. படத்துல இல்லாத இத யோசிச்சுச் செஞ்சிருக்கார் பாருங்க நம்ம ஓவர்சியர்!"

கூடமே கைதட்டியது. ரெண்டாவது வரிசையில் ஆனச்சால் போட்டோஸ்டாட் கடைக்காரர் எல்லோரையும்விடப் பலமாகத் தட்டிக்கொண்டிருந்தார். என் கணவருக்குப் பொன்னாடையும் ஒரு மொமெண்டோவும் கொடுத்தார்கள். போட்டோ எடுக்க விமானத்தைக் கொஞ்சம் திருப்பிவைக்கச் சொன்னார்கள். எல்லோரும் பார்க்க வேண்டுமென்று இடது இறக்கை முன்னால் வந்தது.

விழா முடிந்து இருட்டுவதற்குள் விமானத்தை ரெண்டு பேருமாகத் தூக்கிக்கொண்டு சரிவில் இறங்கினோம். அவர் மூக்குப் பக்கம், பொன்னாடையோடு. நான் வால்.

"கோவமா அம்மிணி?"

"எதுக்கு?"

"ஒண்ணுமே பேசமாட்டீங்கறயே."

"திரும்பறதுக்கு வசதியா இருக்கேன்னு யோசிச்சுட்டு வாறேன்" என்றேன்.

ஒரு வாரம் கழித்து அந்தப் பெரியவர் வீட்டுக்கே வந்தார். தன் ஹோம்ஸ்டேயின் சாப்பாட்டுக் கூடத்தில் தொங்கவிட இதேபோல் இன்னொன்று வேண்டும், சார்தான் செய்து தர வேண்டும் என்றார். "அந்த இறக்கை விஷயம் அப்படியே இருக்கணும். வர்ற கெஸ்டுக்கெல்லாம் நான் விளக்குவேன்." நான் டீ கொண்டுவந்து வைத்தேன். என் கணவர் பொன்னாடை போர்த்தியவர்களுக்கே உரிய பெருந்தன்மையோடு, "செஞ்சுரலாமுங்க" என்றார்.

பெரியவர் போனதும் கணவர் என் பக்கம் திரும்பினார். நான் வலது கையை விரித்து மூடிக் காட்டினேன். "விரல் எல்லாம் சரியாயிடுச்சு. இனிமே பயிற்சி வேண்டாம், கைக்கு ரெஸ்ட் கொடுங்கன்னு பிசியோதெரபிப் பொண்ணு சொல்லிட்டா."

அவர் தானே செய்ய உட்கார்ந்தார். அவர் விரல்களை நான் குறைசொல்ல மாட்டேன். கொட்டுகிற மழையில் கம்பத்தின் உச்சியில் நின்று வேலை பார்த்த விரல்கள் அவை. காகிதம் அவற்றை மதிக்கவில்லை. பசை எங்கெங்கு ஒட்ட வேண்டாமோ அங்கெல்லாம் ஒட்டியது. முதல் ஞாயிற்றுக்கிழமை வெட்டிய ஒரு விலா எலும்பு, மறுநாள் அவர் முழங்கையோடு ஒட்டிக்கொண்டு ஆபீஸ் வரை போய் வந்தது. ரெண்டாவது ஞாயிற்றுக்கிழமை செய்த எஞ்சின் மூடி பிஞ்சுப் பலாக்காய் மாதிரி இருந்தது. மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை கத்தரிக்கோலை வைத்துவிட்டு, சாந்தமாக எழுந்து, அதே வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டார்.

"வா அம்மிணி. போய்ச் சொல்லிப்போட்டு வந்தர்லாம்."

ஹோம்ஸ்டே வராந்தாவில் பெரியவர் எங்களைப் பார்த்ததும் விமானம் தயார் என்று நினைத்து எழுந்தே விட்டார். என் கணவர் உட்காரவில்லை. நின்றபடியே சொன்னார்:

"ஐயா, செஞ்சது நானில்லீங்க. எல்லாமே இவிங்க. நான் கம்பி மட்டும் கட்டுனனுங்க. அன்னைக்கே சொல்லிருக்கோணும். சொல்லலீங்க. பொன்னாடை போத்துனப்ப கூச்சமாத்தான் இருந்துச்சு, ஆனா போத்திட்டு நின்னுட்டனுங்க."

மனப்பாடம் செய்ததல்ல. அவர் காது மடல் சிவந்திருந்தது. அதுவரை நான் உள்ளுக்குள் கட்டிவைத்திருந்த வழக்கு முழுக்க அந்த நாலு வரியில் தள்ளுபடியாகிவிட்டது. மன்னிப்பதுகூட அவமரியாதை என்று தோன்றியது.

பெரியவர் மறுபடி நாற்காலியில் உட்கார்ந்தார். பிறகு என் பக்கம் திரும்பி, முதல்முறையாக என்னைச் சரியாகப் பார்த்தார்.

"அப்போ அந்த இடது இறக்கை? அதுவும் நீங்க யோசிச்சதுதானா?"

போட்டோஸ்டாட், மெஷின், டிக், தாள் என்று முழு வாக்கியமும் தொண்டையில் தயாராக இருந்தது. என் கணவர் என்னைப் பார்த்தார். என் கையால் டீ வாங்கிக் குடித்தபோதுகூட என்னைப் பார்க்காத அந்தப் பெரியவர் அத்தனை மரியாதையோடு என் பதிலுக்காகக் காத்திருந்தார்.

"ஆமா" என்றேன்.

"காத்தாடி சுத்துற பக்கத்த வச்சுக் கணக்குப் பண்ணினீங்களா?"

"ஒரு மாதிரி கணக்குத்தான்."

திரும்பி வரும்போது என் கணவர் ஆனச்சாலில் டீக்கடை முன்னால் நின்று, கையைக் கட்டிக்கொண்டு, "ஒரு சாயா சாப்படலாமுங்களா, எஞ்சினியரம்மா?" என்றார். அதைத் தாங்கிக்கொள்வதைத் தவிர எனக்கு வேறு வழியிருக்கவில்லை.

ரெண்டாவது விமானத்தை நான்தான் செய்தேன். கடைக்காரர் இந்த முறை குற்ற உணர்ச்சியில் ஒவ்வொரு தாளையும் ரெண்டு தடவை சரிபார்த்து எடுத்துக் கொடுத்தார். இறக்கைகள் இம்மி பிசகாமல் சமமாக வந்தன. நான் ஸ்கேல் வைத்து, இடது இறக்கைகளை ஒரு கட்டைவிரல் அளவு வெட்டிக் குறைத்தேன். அதைச் செய்யும்போது கணவர் பக்கத்தில் உட்கார்ந்து ஸ்கேலைப் பிடித்துக்கொண்டார். பொய் சொன்னால் அதற்குப் பிறகு உழைக்கவும் வேண்டியிருக்கிறது.

இப்போது அது அங்கே சாப்பாட்டு மேஜைக்கு மேலே தொங்குகிறது. பெரியவர் விருந்தாளிகளுக்கு விரலைச் சுற்றிச் சுற்றி விளக்குகிறார். செய்தது யார் என்று கேட்டால், "இங்க பக்கத்துல ஓவர்சியரோட வைஃப்" என்கிறார். கெட்டிக்காரி என்றும் சேர்த்துக்கொள்கிறாராம்.

முதல் விமானத்துக்கு அடுத்த மழையில் பூஞ்சை பிடிக்க ஆரம்பித்தது. ஈரச் சட்டையோடு இன்னொரு ஆவணி அவரால் முடியாது என்பதால், காய்ந்த ஊரான வடகரப்பதிக்கே அனுப்புவது என்று முடிவானது. ஒரு ஜீப்பின் பின்பக்கம் போர்வைக்குள் வைத்து, மூணாறு, மறையூர் வழியாக இறங்கினோம். சின்னாறு செக்போஸ்டில் போர்வையை விலக்கிப் பார்த்த கார்டு, "இது பறக்குமோ?" என்று கேட்டார்.

"இல்லீங்க, ஜீப்புலதான் போகும்" என்றார் என் கணவர்.

வடகரப்பதி வீட்டின் முன்கூடத்தில் உத்திரத்திலிருந்து அதைத் தொங்கவிட்டோம். அங்கே கணவாய்க் காற்று வருஷத்தில் பாதி நாள் நிற்காது. கதவைத் திறந்தால் விமானம் மெதுவாகத் திரும்பி, வருகிறவர்களை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு நிற்கும். மாமனார் அதற்குக் கீழே உட்கார்ந்து சாப்பிடுவதில்லை என்று முடிவெடுத்து நாற்காலியை நகர்த்திக்கொண்டார். மாமியார் வாரம் ஒருமுறை துணியால் துடைத்தார்.

போன பங்குனியில் மாமியாரிடமிருந்து போன்.

"அம்மிணி, உன்ற ஏரோப்பிளேன்ல கொளவி கூடு கட்டீருக்குது. முன்னாடி ஆளு உக்கார்ற குழியில. மண்ணு கூடு."

"தட்டி விட்டுருங்க அத்தை."

"அதெப்படித் தட்டறது? ஊட்டுக்குள்ள கொளவி கூடு கட்டுனா கொழந்தை வருதுன்னு அர்த்தம். ஆருக்குன்னுதான் தெரியல." கொஞ்சம் நிறுத்தினார். "உனக்கெதும் விசேசமா?"

எனக்கு நாற்பத்தெட்டு முடிந்திருந்தது. இல்லை என்பதை எவ்வளவு பணிவாகச் சொல்ல முடியுமோ அவ்வளவு பணிவாகச் சொன்னேன். "செரி, அப்ப பேத்திக்குச் சீக்கிரமா மாப்பிள்ளை பாக்கச் சொல்லு" என்று வைத்துவிட்டார். இதை மகளிடம் சொன்னேன். நாய் மாடலைச் செய்திருக்கலாம் இல்லையா என்று அவள் கத்தினாள்.

கூடு அப்படியே இருக்கிறது. குளவி வெளியேறும்வரை யாரும் தொடக் கூடாது என்று உத்தரவு. மண் கனத்தில் விமானத்தின் மூக்குத் தாழ்ந்துவிட்டதாம். அடுத்த முறை ஊருக்குப் போன என் கணவர், நூலை விரலால் சுண்டிப் பார்த்து, வாலில் ஒரு சின்ன வெங்காயத்தைக் கட்டிச் சமன்செய்துவிட்டு வந்தார்.